ஒரு தலையசைப்பு, ஒரு சுழல் உதை

ஸ்டெல்லா விழவில்லை; உட்கார்ந்தாள். கையிலிருந்த பேட்டை நழுவவிட்டு, பின்னால் ஏதோ பெஞ்ச் இருக்கிறது என்று நம்பியவள் போல இரண்டடி பின்வைத்து, பெஞ்சே இல்லாத இடத்தில் தரையோடு உட்கார்ந்தாள்.

"என்னாடி ஆச்சு?" என்றேன்.

வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை, காற்றுதான் வந்தது. இடது விலாவை வலது கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். அது கோபமாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அது வேறு ஏதோ பார்வை. என்ன பார்வை என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் பிடித்தது.

தகரக் கூரையில் ஓசூர்த் தூறல். ஷெட் முழுக்க ரோஜாத் தண்டின் பச்சை வாசனை. நடுவில் நான் ஒற்றைக்காலில் நிற்கிறேன், உதைத்த கால் இன்னும் தரைக்கு வரவில்லை.

நடந்தது இதுதான். தாய் பாக்ஸிங் வகுப்பில், எதிராளிக்கு முதுகைக் காட்டிச் சுழன்று குதிகாலால் உதைக்கும் ஓர் உதையைப் பழகிக்கொண்டிருந்தோம். உதையைத் தாங்க அவள் பிடித்திருந்த மெத்தை போன்ற பேட்டில் விழவேண்டியதை என் சிநேகிதியின் விலாவில் போட்டுவிட்டேன்.

இந்தத் தொடரைப் படிக்கும் என் வீட்டுக்காரருக்கு ஒரு குறை உண்டு. "இத்தன வாரமா எழுதற, ஒரு வாரமாச்சும் உம்மேல தப்புன்னு வந்துச்சா?" என்பார். இதோ, இந்த வாரம் வந்துவிட்டது. கத்தரித்து பீரோவில் வைத்துக்கொள்ளட்டும்.

முன்னால் நான், பின்னால் அவள்

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பிரஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பத்திரிகையை அச்சடிக்கும் பிரஸ் வேறு. எங்களுடையது வண்டிகளுக்குத் தகட்டுச் சாமான் அடிக்கிற பிரஸ். சிப்காட்டை ஒட்டிய ஒரு சின்ன யூனிட்டில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக நிற்கிறது. கீழே ஒரு அச்சு, மேலே ஒரு அச்சு. நடுவில் தகட்டை வைத்தால் மேல் அச்சு இறங்கி ஒரே அடி. தகடு பிராக்கெட்டாக வெளியே வரும். தகடு இருக்கிற இடத்தில் விரல் இருந்தாலும் அது வித்தியாசம் பார்க்காது.

முன்பக்கம் நான். தகட்டை உள்ளே வைத்து, கையை வெளியே எடுத்து, வலது காலால் பெடலை மிதிப்பது என் வேலை. பின்பக்கம் ஸ்டெல்லா. அடித்த சாமானை இழுத்து எடுத்து, அச்சில் பிசிறு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. இரும்பின் இடைவெளி வழியாக எனக்கு அவள் முகம் தெரியும். அவளுக்கு என் முகமும் கையும் தெரியும்.

அந்தச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. காதில் அடைப்பான் வேறு. அதனால் எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம். பின்னால் நிற்பவள் தன் கை வெளியே வந்துவிட்டதா, முன்னால் நிற்பவளின் கை வெளியே இருக்கிறதா, இரண்டையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு தரம் தலையாட்டுவாள். ஆட்டினால் மிதிக்கலாம். ஆட்டாவிட்டால், முதலாளியே வந்து நின்று கத்தினாலும் மிதிக்கக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. எங்களுக்கு முன்னால் அந்த மிஷினில் நின்றவர்கள் செய்தார்கள், நாங்களும் செய்தோம்.

பதினோரு வருடம் இப்படித்தான். ஒரு ஷிப்டில் எத்தனை நூறு தரம் என்று நான் எண்ணியதில்லை. அவள் தலை அசையும், என் கால் இறங்கும். நடுவில் யோசனை என்று ஒன்று இருக்காது.

ஒரே ஒரு நாள் அவள் ஆட்டவில்லை. பெயர்தான் சாந்தா, குணம் உங்களுக்கு இத்தனை வாரத்தில் தெரிந்திருக்கும். அன்று காலையில் சூப்பர்வைசரோடு லீவு விஷயமாகச் சண்டை. சொன்ன பதில் போதாது, இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தேன். தகடு கோணலாக உட்கார்ந்தது. கால் பெடலுக்கு மேல் தயாராக இருக்கிறது. ஸ்டெல்லா கல் மாதிரி நிற்கிறாள்.

"ஆட்டேன்டி, என்னா வேடிக்க பாக்கற!" என்று கத்தினேன்.

அவள் கண் போன இடத்தை நானும் பார்த்தேன். கோணலைச் சரிசெய்யப் போன என் நான்கு விரலும் அச்சின் நடுவில் இருந்தன. நான் எப்போது கையை உள்ளே விட்டேன் என்று எனக்கே தெரியாது.

கேன்டீனில் தட்டைத் தொடாமல் என் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து சாம்பாரை ஊற்றிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "கோவம் வந்தா கை எங்க போவுதுன்னு பாத்துக்கோ." அதற்குமேல் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இந்தத் தொடரை இன்று பேனா பிடித்து எழுதுகிறேன் என்றால், அன்று அவள் தலையாட்டாததால்தான்.

அடிக்கறதுக்கு ஒரு எடம்

தாய் பாக்ஸிங் என் யோசனை இல்லை. நாற்பதைத் தாண்டியதும் டாக்டர் எனக்கு நடக்கச் சொன்னார். ஸ்டெல்லாவுக்கும் அதையே சொல்லியிருந்தார். கம்பெனி பஸ் ஜன்னலில் யாரோ செருகிவிட்டுப் போன நோட்டீசை அவள்தான் எடுத்துப் படித்தாள். பெண்களுக்கு மாலை வகுப்பு, பாகலூர் ரோட்டுப் பக்கம், முதல் வாரம் சும்மா வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்தது.

"நமக்கு என்னாத்துக்குடி இதெல்லாம்? நடந்தா போதாதா?" என்றேன்.

"நடக்கறது வேற. எனக்கு அடிக்கறதுக்கு ஒரு எடம் வேணும்டி" என்றாள் ஸ்டெல்லா. மத்திகிரி மாதா கோயிலில் ஞாயிறு தவறாமல் முன் வரிசையில் முட்டி போடுகிறவள் வாயிலிருந்து வந்த வார்த்தை.

வீட்டில் சொன்னதும் என்னவர், "தாய்மாருங்களுக்குன்னு தனியா பாக்ஸிங்கா?" என்று கேட்டார். அது தாய்லாந்து என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. பாக்ஸிங்குக்குப் போகாமலேயே பயிற்சி ஆரம்பித்துவிட்டது.

வகுப்பு நடந்தது ஒரு பழைய ரோஜா பேக்கிங் ஷெட்டில். தோட்டக்காரர் புதுசாகக் குளிர் அறை கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார். பூ போய்விட்டாலும் வாசனை போகவில்லை. மூலையைப் பெருக்கினால் இன்னமும் காய்ந்த முள்ளும் ரப்பர் பேண்டும் வரும். உத்தரத்தில் தொங்கிய மூட்டைகளுக்குள் எந்திரம் துடைக்கிற வேஸ்ட் துணியை அடைத்திருந்தார்கள். ஓங்கி உதைத்தால் லேசாக ஆயில் வாசனை வரும். எங்களுக்கு அது வேலை செய்கிற இடம் மாதிரியே இருந்தது.

மாஸ்டர் பெயர் பவித்ரா. மாஸ்டர் என்றதும் மீசையை நினைக்காதீர்கள். இருபத்தைந்து வயதுப் பெண், ஆனேக்கல்காரி. பார்டரைத் தாண்டி டவுன் பஸ்ஸில் வருவாள். பாதி கன்னடம், பாதி தமிழ். நாங்கள் அவளை மாஸ்டர் என்போம், அவள் எங்களை அக்கா என்பாள். யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். மூன்றரைக்கு ஷெட்டில் இருப்போம். முதல் மாதம் நின்ற இடத்தில் நிற்கவும், முகத்தை விட்டுக் கை இறங்காமல் இருக்கவும், முழங்காலைத் தூக்கவும் பழகினோம். ஸ்டெல்லா மூட்டையை அடிக்கிற அழகைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் யாரையோ மனதில் வைத்திருப்பாள். யார் என்று கேட்டால், "ஏசப்பாவுக்குத் தெரியும், உனக்கு எதுக்கு?" என்பாள்.

மொதலு தலெ

சுழல் உதையை முதன்முதலாகப் பார்த்த நாளில் எனக்குப் பசி மறந்துவிட்டது.

பவித்ரா மூட்டைக்கு முன்னால் நேராக நின்றாள். இடது பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கமாக எடுத்து வைத்தாள். அடுத்த கணம் முதுகு தெரிந்தது. ஓடிப் போகிறாளோ என்று நினைப்பதற்குள் வலது குதிகால் பின்னாலிருந்து நேராக வந்து மூட்டையை இரண்டாக மடித்தது. உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது.

"மாஸ்டர், எனக்கு இது வேணும்" என்றேன், கடையில் புடவையைக் காட்டிக் கேட்பவள் போல.

"பருத்தே அக்கா, வரும். அவசர பேடா" என்றாள். அவசரப்படக் கூடாதாம். என்னிடம் சொல்கிறாள்!

அந்த உதையில் காலுக்கு வேலை கடைசியில்தான். முதலில் தலை திரும்ப வேண்டும். வலது தோளுக்கு மேலாகக் கண் போய் எதிராளியைப் பிடித்த பிறகு இடுப்பு, அதன் பிறகு முழங்கால், எல்லாம் முடிந்த பிறகு குதிகால். "மொதலு தலெ, ஆமேலெ காலு" என்று பவித்ரா சொல்லிக்கொண்டே இருப்பாள். முதலில் தலை, அப்புறம் கால். எங்களோடு பழக வந்த, கன்னடம் தெரியாத தளி ரோட்டுத் தையற்காரப் பெண்ணும் இரண்டாவது வாரத்தில் அதைப் பாட்டு மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு மட்டும் தலை திரும்பவில்லை. பேட் பிடித்து எதிரில் நிற்பவள் ஸ்டெல்லா. அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டும் என்றால் என் கழுத்து முறுக்கிக்கொள்ளும். பதினோரு வருடம் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. உடம்பு சுழலும், தலை மட்டும் அவள் பக்கமே நிற்கும். விளைவு, கால் பின்னி உட்காருவேன். ஒரு வகுப்பில் எத்தனை தரம் உட்கார்ந்தேன் என்று தையற்காரப் பெண் எண்ணிச் சொன்னாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் விடவில்லை. பவித்ரா சிமென்ட் தரையில் சாக்பீஸால் பாதம் வரைந்து கொடுத்தாள். அதையே வீட்டு மொட்டை மாடியிலும் வரைந்துகொண்டேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஒரு சுழல், குக்கர் விசில் வரும்போது ஒரு சுழல். தண்ணீர் டிரம்மின் மூடி இரண்டு தரம் பறந்தது. "உள்ள வரலாமா, இல்ல ஒதச்சு முடிச்சுட்டு சொல்றியா?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னவர் சமையலறைக்குள் வருவார்.

ஒரு நாள் தலை திரும்பியது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஸ்டெல்லாவின் முகம் மறைந்தது, சுவர் வந்தது, ஜன்னல் வந்தது, தோளுக்கு மேல் மறுபடியும் ஸ்டெல்லா. விட்ட இடத்திலேயே நிற்கிறாள். குதிகால் போய்ப் பேட்டின் நடுவில் பட்டது. அந்தச் சத்தம் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை கேட்டது.

"வந்துட்சுடி!" என்று ஸ்டெல்லா பேட்டோடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஆளுக்கொரு மசாலா பூரி சாப்பிட்டோம். டாக்டரிடம் சொல்லவில்லை.

தூறல் போட்ட அந்த நாள்

அதற்கு அடுத்த வாரம்தான் நான் முதலில் சொன்னது நடந்தது.

நான் தயாராக நிற்கிறேன். ஸ்டெல்லா வயிற்றுக்கு முன்னால் பேட்டைப் பிடித்திருக்கிறாள். பவித்ரா பக்கவாட்டிலிருந்து, "ஸ்டெல்லாக்கா, பேட் ஸ்வல்ப கீழே" என்றாள். கொஞ்சம் இறக்கிப் பிடிக்கச் சொல்கிறாள். ஸ்டெல்லா அவளைப் பார்த்துவிட்டுப் பேட்டை இறக்கத் தொடங்கினாள். அந்த நேரத்தில் நான் சுழன்றேன்.

ஏன் சுழன்றேன்? யாரும் எனக்குச் சொல்லவில்லை. பவித்ரா, "யாகெ அக்கா? ஏன் உதைச்சீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. என் அவசரப் புத்தி என்றுதான் நினைத்தேன்.

விலா எலும்பில் மயிரிழை விரிசல். மருத்துவமனையில் ஸ்டெல்லா, "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டனுங்க" என்றாள். கம்பெனியிலும் அதையே சொன்னாள். அந்தப் பாத்ரூமாகிய நான் பக்கத்தில் தலைகுனிந்து நின்றேன். மூன்று வாரம் ஓய்வு. தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு நாள் கோழிக்குழம்பு, ஒரு நாள் ராகிக் களி. "சிரிக்க வெக்காதடி, வலிக்குது" என்பாள். எல்லாம் பழையபடி இருப்பதாகவே நினைத்தேன்.

வேலைக்குத் திரும்பியவளை முதலில் இன்ஸ்பெக்ஷன் மேசையில் உட்கார வைத்தார்கள். பாரம் தூக்கக் கூடாது என்பதால் அது சரி. ஒரு மாதம் கழித்து டாக்டர் எல்லா வேலையும் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டு, "பழைய மிஷினுக்கே போயிடறீங்களா?" என்று கேட்டார்.

"வேணாங்க சார், நான் இங்கயே இருக்கறன்" என்று சொன்னாளாம். எனக்கு அதைச் சூப்பர்வைசர் சொல்லித்தான் தெரியும்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அழுகைதான் முதலில் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. வாயால் மன்னிச்சுட்டேன் என்று சொல்லிக்கொண்டே மனதில் வைத்திருக்கிறாள், என்னோடு நிற்கவே பிடிக்காமல் போய்விட்டது என்று தீர்மானித்துவிட்டேன். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என்னவோ சூளகிரி மலையை நானே வாங்கப் போகிறவள் மாதிரி பார்த்துக்கொண்டு வந்தேன். வகுப்புக்கும் போகவில்லை.

கட்டைவிரல்

அதுவரை எங்கள் ஷாப்பின் பழைய ஆட்களே பின்பக்கம் மாறி மாறி நின்றார்கள்; இப்போது ஸ்டெல்லாவின் இடத்துக்கு மகேஸ்வரி என்று ஒரு புதுப் பெண் வந்தாள். நல்ல பெண், கண்ணும் கையும் சுறுசுறுப்பு. முன்பு வேலை பார்த்த இடத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் பழக்கமாம். சாமானை எடுத்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவாள்.

என் கால் இறங்காது.

அவள் மறுபடியும் காட்டுவாள். "மிதிங்கக்கா!" என்று உதட்டை அசைப்பாள். நான் என் காலைப் பார்ப்பேன். மூளை மிதி என்கிறது. கால் யாருக்கோ காத்திருக்கிறது. நான்காவது நாள், பக்கத்து மிஷின்காரி சைகையில் எதையோ கேட்டதற்கு மகேஸ்வரி அவளைப் பார்த்துத் தலையாட்டினாள். சட்டென்று என் கால் பெடலில் இறங்கிவிட்டது.

நல்லவேளை, அவள் கையும் வெளியே இருந்தது, என் கையும் வெளியே இருந்தது. மேல் அச்சு வெறும் அச்சின் மேல் இறங்கிய சத்தத்தில் எனக்கு ஷெட்டும் தூறலும் ஸ்டெல்லாவும் ஒரே சமயத்தில் கண்முன் வந்தன.

பவித்ரா பேட்டை இறக்கச் சொன்னாள். ஸ்டெல்லா சரி என்று தலையாட்டினாள்.

மிஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். இரண்டு டம்ளர் குடித்தேன். அவசரப் புத்தி என்று இரண்டு மாதமாக என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேனே, அதற்காக எனக்கு என் மேலேயே பரிதாபமாக இருந்தது.

இரண்டு சீட் இந்தப் பக்கம்

அன்று பஸ்ஸில் ஸ்டெல்லாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பையை மடிக்கு எடுத்து இடம் விட்டாள்.

"நீ தலையாட்டுனடி" என்றேன்.

"ம்."

"மாஸ்டர் சொன்னதுக்கு ஆட்டுன. எனக்கில்ல."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ஆட்டுன அந்த செகண்டே. உந்தோளு திரும்பிடுச்சு. ஐயோன்னு நெனைக்கறதுக்குள்ள வந்துட்ட."

எனக்குத் தலைக்கு ஏறியது. "தெரிஞ்சுகினே என்னாடி ரெண்டு மாசமா வாய மூடிகினு இருந்த? நான் என்னான்னு நெனச்சன் தெரியுமா? எம்மேல கோவம், அதான் மிஷினுக்கு வரலன்னு..."

"உம்மேல என்னாடி கோவம்? நான் ஆட்டுனன், நீ மிதிச்ச. உன் வேல அதான" என்றாள். பிறகு என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டாள்.

"பதினோரு வருசமா உன் கையப் பாக்காம நான் தல ஆட்டுனதே இல்ல சாந்தா. அன்னிக்கி உம்பக்கமே பாக்காம ஆட்டிட்டன். ஷெட்ல ஆச்சு, எலும்போட போச்சு. இதே மிஷின்கிட்ட நின்னுகினு, எவனாச்சும் கூப்புட்டு, நானும் ஆமாங்கன்னு ஆட்டியிருந்தா? உள்ள உன் கை இருந்திருந்தா?" என்றாள். "விலா சரியாயிடுச்சு. எந்தலையத்தான் நம்ப முடியல."

அன்று தரையில் உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தாளே, அந்தப் பார்வை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வலியில் மூச்சு வராத நேரத்தில் அவள் என் விரல்களை நினைத்துப் பயந்திருக்கிறாள். இவளோடுதான் நான் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்.

"பேட் புடிக்கறயா?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"பயமா இருக்குதுடி."

"எனக்கும்தான். ஷெட்ல பாத்துக்கலாம், மிஷின்ல வேணாம். ஷெட்ல தப்பாச்சுன்னா கோழிக்கொழம்போட போவும்."

சிரித்தாள். விலா வலிக்கவில்லை என்றாள்.

கல் மாதிரி ஒரு தலை

சனிக்கிழமை ஷெட்டுக்குப் போனோம். பவித்ராவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். எங்கள் பிரஸ் எப்படி, தலையாட்டுவது எதற்கு என்று ஸ்டெல்லா நின்று காட்டினாள், நான் மிதித்துக் காட்டினேன். பவித்ரா வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ தலை பேடா. நான் 'ஹோய்' சொல்றேன், அதுக்கு உதைங்க" என்றாள்.

"வேணாம் மாஸ்டர். தலைதான்" என்றாள் ஸ்டெல்லா. "நீங்க ஒண்ணு செய்ங்க. பக்கத்துல நின்னுகினு எங்கிட்ட என்னாத்தயாச்சும் கேட்டுகினே இருங்க. நான் ஆட்டறனான்னு பாக்கணும்."

பேட்டை எடுத்து வயிற்றுக்கு முன்னால் பிடித்தாள். நான் எதிரில் நின்றேன். கையை முகத்துக்குத் தூக்கினேன். அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஸ்டெல்லாக்கா, ஊட்டா ஆய்த்தா? சாப்பிட்டாச்சா?" என்றாள் பவித்ரா.

"ஆச்சு." தலை அசையவில்லை.

"விலா நோவுதா?"

"இல்ல."

"நாளைக்கு சர்ச்சுக்குப் போவீங்கதானே?"

"போவன்." தாடை கூட அசைந்த மாதிரி தெரியவில்லை. நெற்றியில் வியர்வை. என் வலது காலுக்குள் எறும்பு ஓடியது. தையற்காரப் பெண் தன் பங்குக்கு, "அக்கா, கரண்ட் பில் கட்டிட்டீங்களா?" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பவித்ரா பேசுவதை நிறுத்தினாள். வெளியே பாகலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

ஸ்டெல்லா குனிந்து தன் இரண்டு கையையும் பார்த்தாள். பேட்டைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தாள், வலது, இடது. பிறகு என் கண்ணைப் பார்த்தாள்.

ஒரு தரம் தலையாட்டினாள்.

சுவர், ஜன்னல், தோளுக்கு மேல் ஸ்டெல்லா. குதிகால் பேட்டின் நடுவில் விழுந்தது. அவள் ஒரு அடி பின்னால் போய், விழாமல் நின்றாள். "இன்னொண்ணு" என்றாள். அன்று இருட்டும் வரை இன்னொண்ணு, இன்னொண்ணு என்றுதான் போனது. பவித்ரா தன் பஸ்ஸைத் தவறவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்டெல்லா காதில் அடைப்பானை வைத்துக்கொண்டு பிரஸ்ஸின் பின்பக்கம் போய் நின்றாள். சூப்பர்வைசரிடம் அவள் கேட்கவும் இல்லை, அவர் காரணம் கேட்கவும் இல்லை.

நிச்சயதார்த்தத்தில்

அதற்குப் பிறகு ஸ்டெல்லாவிடம் ஒரு மாற்றம். யார் எது கேட்டாலும் வாயால் பதில் சொல்வாள், தலையாட்ட மாட்டாள். காய்கறிக்காரர், கண்டக்டர், பாதர், யாராக இருந்தாலும் "ஆமாங்க", "இல்லீங்க" மட்டும்தான். கழுத்து அப்படியே நிற்கும்.

போன மாதம் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். பையன் வீடு கிருஷ்ணகிரி. கூடம் நிறைய ஆட்கள். எதிர் வரிசையில் பூத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான். பையன் வீட்டுப் பெரியவர் எழுந்து, "பொண்ணோட அம்மாவுக்கும் சம்மதந்தானுங்களே?" என்று கேட்டார்.

எல்லோரும் அவள் தலையைப் பார்த்தார்கள்.

"சம்மதங்க" என்றாள் ஸ்டெல்லா. தூண் மாதிரி.

எனக்குப் பக்கத்தில் இருந்த பையனின் அத்தை, "அந்தம்மாவுக்குக் கழுத்துல சுளுக்கா?" என்று என் காதில் கேட்டாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பெரியவர் மோதிரத்தை எடுத்துக் கொடுத்தார். மகள் விரலை நீட்டினாள். அப்போது ஸ்டெல்லா கூட்டத்தைத் தாண்டி என்னைத் தேடினாள். கண் கலங்கியிருந்தது. நான் பூத்தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி மடியில் வைத்தேன்.

என் கைகளைப் பார்த்தாள். பிறகு ஒரு தரம் தலையாட்டினாள்.

நாற்காலிக்குக் கீழே என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.